நீலமேகத்தின் வண்டி குடித்த தண்ணீர்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தியெடுக்கிற ஆம்பளை ஒருத்தன்தான் இருந்தான். அவன் பெயர் நீலமேகம். பதினேழு வயதில் அவனை மூன்று முறை கடலுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று முறையும் வலை இழுக்கிற நேரத்தில் படகின் ஓரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். நான்காவது முறை அவன் அப்பாவே, "நீ வந்தா மீனு மிரளுது, கரையிலயே கெட" என்று சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினார்.

கரையிலேயே கிடப்பவன் ஏதாவது செய்து பிழைத்தாக வேண்டுமே. பொன்னேரியில் லாரிக்குக் கிளீனராகச் சேர்ந்தான். பிறகு லைசென்ஸ் எடுத்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டினான். கடலைக் கெடுக்கிறது என்று குப்பமே எதிர்த்த துறைமுகம் அது. அதற்காக ஊரில் சிலர் இரண்டு வருஷம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு டர்போ டீசல் பிக்கப் வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஏரி இறாலையும் நண்டையும் ஐஸ் பெட்டியில் ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்த பிறகுதான் அவனை மனிதனாக மதித்தார்கள்.

நீலமேகத்துக்குக் கவலைப்படுவது கை வந்த கலை. மழை வந்தால் பாலத்துக்குக் கவலை, மழை வராவிட்டால் ஏரிக்குக் கவலை. வண்டி ஓட்டும்போது பாட்டு போட மாட்டான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முக்கியமாக டர்போ போடுகிற விசில் சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்த ரெண்டாவது நொடியில் அந்த மெல்லிய விசில் எழுந்தால் அவன் தோள் தளரும். எழாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இவ்வளவு கவலைப்படுகிறவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வண்டியை, கடல் கலந்து உப்புக் கரிக்கிற ஏரித் தண்ணீரில் கழுவினான்.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். குப்பத்தில் யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். கரைக்கு வந்த படகை உப்புத் தண்ணீரில்தான் அலசுகிறார்கள். வலையை, கூடையை, தராசை, காலை, எல்லாவற்றையும் அதில்தான். நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள், வீட்டுக்குப் பத்து குடம். வண்டி வாங்கிய புதிதில் நீலமேகம் அந்தப் பத்தில் ஒரு குடத்தைத் தூக்கி வண்டியின் முகத்தில் ஊற்றப்போனான். எதிர்வீட்டுக் கஸ்தூரியம்மாள் வரிசையில் நின்றபடியே தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஏம்ப்பா, கொழந்தைங்க குடிக்கிற தண்ணியில வண்டிக்குக் குளியலா? சீயக்காத் தூள் இருக்குது, தரவா?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவன் காதில் இன்னும் இருந்தது. அன்று முதல் வாளியோடு ஏரிக்குத்தான் போனான்.

பங்குனி மாசம் பொன்னேரி மெக்கானிக் எல்லப்பன் வண்டியின் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற அலுமினிய ஜல்லடையை விரலால் தடவினார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, கருவாடு போடுறியா இதுல?"

"ஏரிக்காத்துண்ணே. தூசி."

"தூசி கரிக்காது. எதுல கழுவுற இத்த?"

நீலமேகம் பானெட்டின் ஓரத்தைத் துடைக்க ஆரம்பித்தான். எல்லப்பனுக்குப் பதில் தேவைப்படவில்லை. "டர்போ இன்னா பண்ணுது? வெளிக்காத்த அமுக்கி இஞ்சின் வாயில திணிக்குது. அமுக்குனா காத்து சூடாவும். சூடான காத்து லேசு, அதுல சத்து கெடையாது. அத்த ஆறவெக்கத்தான் முன்னாடி இந்த இன்டர்கூலர். இது அடைச்சிக்கினா பொரி துன்னுட்டு மூட்டை தூக்குற கதைதான், வயிறு ரொம்பும், தெம்பு இருக்காது. குளிர்காலத்துல தெரியாது. கத்திரியில காட்டிக்குடுத்துடும். வாரத்துக்கு ஒருவாட்டி நல்ல தண்ணி ஊத்து."

"சரிண்ணே" என்றான் நீலமேகம். வீட்டுக்கு வந்து, வழக்கம்போல ஏரித் தண்ணீரையே ஊற்றினான். நல்ல தண்ணீரைத் தொட்டால் கஸ்தூரியம்மாள் பார்ப்பாளே.

கத்திரி பிறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் நிவேதாவுக்கு நீட் பரீட்சை.

அவளுக்கு இது இரண்டாவது தடவை. போன வருஷம் கொஞ்சத்தில் போயிற்று. ஒரு வருஷம் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்து, பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு, மீன் பெட்டி அடுக்கும் சத்தத்துக்கு நடுவில் படித்தாள். மூன்றாவது தடவை கிடையாது என்று அவளே சொல்லியிருந்தாள். தேர்வு மையம் திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிஷம் பிந்தினாலும் கடவுளே வந்தாலும் திறக்க மாட்டார்கள். வருஷா வருஷம் கேட்டுக்கு வெளியே அழுகிற பிள்ளைகளை டிவியில் பார்த்து, நீலமேகம் சேனலை மாற்றியிருக்கிறான்.

அவன் மனைவி கலைவாணி சனிக்கிழமையே கிளம்பலாம் என்றாள். அவள் அக்கா வித்யா திருவள்ளூரில்தான் இருக்கிறாள். "ராத்திரி அங்க படுத்துட்டு காலைல நிம்மதியா போவலாம்" என்றாள்.

"சொந்த வண்டி வெச்சிக்கினு அடுத்தவங்க வூட்டுல போய் படுக்கணுமா? ரெண்டு அவர்ல கொண்டுபோய் வுடுறேன்" என்றான் நீலமேகம். வாழ்க்கையில் அவன் கவலைப்படாமல் பேசிய வாக்கியங்களில் இது ஒன்று. அதற்காக அவன் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஞாயிறு விடியற்காலையில் இறால் நிறைய விழுந்தது. ஒரு நடை அடித்துவிட்டு வந்துவிடலாம் என்று போனான். திரும்பி வரும்போது மணி பத்தரை. வண்டி கொதித்துக்கொண்டிருந்தது. கலைவாணி வாசலில் நின்று அவனைப் பார்த்த பார்வை அதைவிடக் கொதித்தது. பத்தே முக்காலுக்கு மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நிவேதா நடுவில். காதில் கம்மல் இல்லை, கையில் வளையல் இல்லை. மடியில் ஹால்டிக்கெட்டும், லேபிள் கிழித்த ஒரு தண்ணீர் பாட்டிலும்.

பழவேற்காடு பாலத்தில் ஏறும்போதே நீலமேகம் காதைத் தீட்டிக்கொண்டான். மிதித்தான். விசில் எழவில்லை. இன்னும் மிதித்தான். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. பெட்டிகள் எல்லாம் இறக்கிய காலி வண்டி, நிறைசுமை ஏற்றியதுபோல் முனகிக்கொண்டு பாலத்தில் ஏறியது.

"இன்னாய்யா, நடந்து போவுது வண்டி?" என்றாள் கலைவாணி.

"வெயிலு" என்றான்.

பொய் இல்லை, வெயில்தான். இரண்டு பக்கமும் ஏரி வெள்ளைத் தகடாகப் பளபளத்தது. வெளியே கையை நீட்டினால் அடுப்பு வாயில் நீட்டினதுபோல் இருந்தது. ஆனால் அவனுக்குத் தெரியும், வெயில் மட்டும் இல்லை என்று. பழவேற்காடு கடைவீதியைத் தாண்டியதும் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டுகிற முள் மேலே நகர ஆரம்பித்தது. திருப்பாலைவனத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி இருபதுக்கு மேல் போக மறுத்தது. சூடு தாங்காமல் எஞ்சினே தன் கையைக் காலைக் கட்டிக்கொள்ளும் என்று எல்லப்பன் ஒருமுறை சொல்லியிருந்தார். இதுதான் அது.

ஒரு சைக்கிள்காரன் அவர்களை முந்திக்கொண்டு போனான்.

நிவேதாவின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. நீலமேகம் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் அந்த முழங்கால் அவன் கையில் இடித்தது.

திருப்பாலைவனத்தில், ரோட்டோரம் தென்னங்கீற்றுப் போட்ட தண்ணீர்ப் பந்தல் நிழலில் வண்டியை ஓரங்கட்டினான். மணி பதினொன்று இருபது. இறங்கி ஓடிப்போய்ப் பஸ்ஸைக் கேட்டான். பொன்னேரிக்கு அடுத்த பஸ் பன்னிரண்டே காலுக்கு. அங்கிருந்து இன்னொன்று மாற வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. மீஞ்சூரில் கார் வைத்திருக்கிற நண்பனுக்குப் போன் போட்டான். அவன் திருத்தணியில் இருந்தான். எல்லப்பனுக்குப் போட்டான். கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்கு நடுவில் எல்லப்பன் கத்தினார்.

"முன்னாடி ஜல்லடைய பாரு! இன்னா கீது?"

நீலமேகம் குனிந்து பார்த்தான். தினமும் பார்த்த ஜல்லடைதான். ஆனால் இன்றைக்குத்தான் பார்த்தான் என்று சொல்ல வேண்டும். கம்பிகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. உப்பும் சேறும் சேர்ந்து சுண்ணாம்பு பூசின சுவராகிக் கிடந்தது. காற்று எங்கே நுழையும்?

"உப்புண்ணே" என்றான்.

"தெரியும் எனக்கு. திட்ட இப்ப நேரம் இல்ல. இஞ்சின ஆப் பண்ணு, கால் அவர் ஆறட்டும். ரேடியேட்டர் மூடிய தொறந்துடாத, மூஞ்சி வெந்துடும். நல்ல தண்ணி மேலேந்து மெதுவா ஊத்து. பிரஷ்ஷால லேசா தட்டு, அழுத்துனா மடங்கிடும். உப்பு கரையும். முழுசா போவாது, காத்து நுழைஞ்சா போதும். புரியுதா? நல்ல தண்ணி!"

நல்ல தண்ணீர். நீலமேகம் சுற்றிலும் பார்த்தான். பக்கத்து அடிபம்பு போன மாசமே வாயை மூடிக்கொண்டுவிட்டதாம். கைப்பிடியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் இரண்டு மண்பானைகள், இரண்டு தண்ணீர் கேன்கள். அவற்றுக்குப் பக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டு காந்தா என்கிற நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க ஊர்க்காரர்கள் அவளை வேலைக்குப் போட்டிருந்தார்கள்.

நீலமேகம் பந்தலின் முன்னால் போய் நின்றான். தெரு முழுக்கக் கேட்ட அந்தச் சிரிப்பு இங்கேயும் வந்து அவன் காதில் விழுந்தது. காந்தா டம்ளரை நீட்டினாள்.

"குடிண்ணே."

"எனக்கு இல்லம்மா. வண்டிக்கு."

"ரேடியேட்டருக்கா? ஒரு சொம்பு ஊத்திக்கோ."

"இல்ல... கழுவணும்."

காந்தாவின் விசிறல் நின்றது. "இன்னாது? கழுவணுமா? ரெண்டு மணிக்கு மேல இந்த ரோட்டுல வர்றவங்க எச்சிலு முழுங்கக் கூட தண்ணி இல்லாம வர்றாங்க. உனக்கு வண்டி பளபளன்னு இருக்கணுமா? நல்லா கீதே நாயம்!"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கஸ்தூரியம்மாள் சொன்னதிலும் தப்பு இருந்ததில்லை. நீலமேகம் அப்படியே நின்றான். அவமானத்தில் அழுகை வந்துவிடும்போல் இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு வார்த்தைக்குப் பயந்து உப்பை ஊற்றினேன், அந்த உப்பு என் பிள்ளையின் வழியை அடைத்துவிட்டதே என்று நினைத்தான். கலைவாணி பின்னால் வந்து அவனை விலக்கிவிட்டு நின்றாள்.

"யக்கா, வண்டிக்குள்ள என் பொண்ணு கீறா. ஒன்றரைக்கு திருவள்ளூர்ல பரீட்சை ஹால்ல இருக்கணும். டாக்டர் பரீட்சை. இந்த மனுசன் முன்னாடி உப்பு அடைச்சி வெச்சிக்கினு நிக்கிறான். நல்ல தண்ணி பட்டாத்தான் வண்டி நவுரும்."

காந்தா எட்டி வண்டிக்குள் பார்த்தாள். நிவேதா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கேன் எடுத்துக்கோ" என்றாள் காந்தா. "பானைய தொடாத. சாயந்தரம் திரும்பறப்ப ரொப்பிக் குடுத்துட்டுப் போ."

கால் மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் நீலமேகத்துக்குத் தெரிந்தது. பானெட்டைத் திறந்துவிட்டு, போனில் மணியைப் பார்த்துப் பார்த்து நின்றான். பதினாலாவது நிமிஷத்தில் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தான். கலைவாணி சொம்பால் மேலிருந்து ஊற்றினாள். அவன் முட்டி போட்டு, விளக்கு துடைக்க வைத்திருந்த பழைய பல் பிரஷ்ஷால் தட்டினான். முதலில் பால்போல் வெள்ளையாக வழிந்தது. பிறகு சேறு. வழிந்தது உதட்டில் தெறித்தபோது ஏரியின் ருசி இருந்தது. ஒவ்வொரு கம்பிக்கு நடுவிலும் ஒரு கீற்று வெளிச்சம் தெரியத் தெரிய, அவன் அதை எண்ணினான். இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்கும்போது கேன் காலி.

கலைவாணி பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நீலமேகம் வேண்டாம் என்று தலையாட்டினான். அதற்குள் நிவேதா இறங்கி வந்து, தன் பாட்டிலைத் திறந்து அந்த மூலையில் ஊற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், அது உனக்கு! நீ போய் படி!"

"படிச்சதெல்லாம் போதும் நைனா. தட்டு."

தட்டினான். உப்பு கரைந்து இறங்கியது. மணி பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம்.

சாவியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு எரிந்து, யோசித்து, அணைந்தது. ரோட்டில் ஏறினான். இரண்டாம் கியர். மூன்றாம் கியர். ஆக்சிலேட்டரை மெதுவாக, தூங்குகிற குழந்தையின் மேல் போர்வை போடுகிறவன்போல், அமுக்கினான். அந்த விசில் எழுந்தது. முன்னைப்போல் கணீரென்று இல்லை, சளி பிடித்த தொண்டையில் வருவதுபோல்தான். ஆனாலும் எழுந்தது. வண்டியைப் பற்றி எதுவும் தெரியாத கலைவாணிக்கே கேட்டு, "வந்துச்சா?" என்றாள்.

பொன்னேரி வரைக்கும் ஐம்பதைத் தாண்டாமல் போனான். வேகமாகப் போனால் மறுபடி சூடேறும். மெதுவாகப் போனால் கேட் மூடும். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவன் கால் பெடலில் இருந்தது. முள் பாதிக்கு மேல் போனால் அவன் மூச்சை அடக்கினான், வண்டிக்கும் சேர்த்து. தச்சூர் கூட்டு ரோட்டில் பன்னிரண்டு முப்பத்தைந்து. அங்கே ஒரு மேம்பாலம். ஏற்றத்தில் மறுபடியும் கரும்புகை, மறுபடியும் முள் எகிறல். நீலமேகம் குலசாமி பேரை வாய்விட்டே சொன்னான். உச்சியைத் தாண்டி இறங்கியதும் முள் ஒரு மயிரிழை கீழே வந்தது. அவன் சட்டை முழுக்க நனைந்து சீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நைனா" என்றாள் நிவேதா. "லேட்டா போனாலும் பரவால்ல. நீ பேஜார் ஆவாத."

பிள்ளை அப்படிச் சொன்னது அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

திருவள்ளூர் ஊருக்குள் நுழையும்போது ஒன்று பதினெட்டு. பள்ளிக்கூடத் தெரு முழுக்கக் கார்கள், பெற்றோர்கள், குடைகள். வண்டி உள்ளே போக வழியில்லை. "எறங்கு, ஓடு" என்று கத்தினான். கலைவாணியும் நிவேதாவும் இறங்கி ஓடினார்கள். வண்டியை நட்ட நடுவில் விட்டுவிட்டு அவனும் பின்னால் ஓடினான். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, நிவேதா கேட்டுக்குள் நின்று ஹால்டிக்கெட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். காவலாளி அவளை உள்ளே போகச் சொல்லிக் கையசைத்தார். மணி ஒன்று இருபத்தாறு.

நான்கு நிமிஷத்தில் கேட் மூடியது. நீலமேகம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை ஓரங்கட்டப் போனான். யார் யாரோ அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒன்றும் உறைக்கவில்லை.

சீட்டில் அந்தப் பாட்டில் கிடந்தது, காலியாக.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உள்ளே போய்விட்டாள். இந்த வெயிலில், மூன்றரை மணி நேரம். மயக்கம் போட்டுவிட்டால்? கை நடுங்கி எழுத முடியாமல் போய்விட்டால்? மூலைக் கடையில் போய் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஓடிவந்தான். கேட்டருகே நின்ற காவலாளி, "இனிமே எதுவும் உள்ள போவாதுங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். நீலமேகம் நகரவில்லை. கலைவாணி வேப்பமர நிழலுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. பாட்டிலைப் பிடித்தபடி வெயிலிலேயே நின்றான். தண்ணீர் சூடாகிவிட்டது என்று இரண்டு முறை கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வந்தான். அவள் வாய் நனையாதபோது தன் வாயை நனைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஐந்தே காலுக்குக் கேட் திறந்தது. கூட்டத்தில் நிவேதா வந்தாள். முகம் வெளுத்திருந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. பாட்டிலை மட்டும் நீட்டினான்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அவன் உதட்டைப் பார்த்தாள். அது வெடித்து, ஓரத்தில் காலையில் தெறித்த உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"உள்ள தண்ணி குடுத்தாங்க நைனா" என்றாள். "நீ குடிச்சியா?"

நீலமேகம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவளே மூடியைத் திருகி, பாட்டிலை அவன் வாயில் வைத்தாள். நடுத்தெருவில், அத்தனை பேருக்கு முன்னால், சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டே அவன் குடித்தான்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வண்டி நன்றாகவே இழுத்தது. திருப்பாலைவனத்தில் நிறுத்தி, பொன்னேரியில் வாங்கிய இரண்டு கேன் தண்ணீரைப் பந்தலுக்குள் இறக்கினான். "ஒண்ணுதானேண்ணே எடுத்த?" என்றாள் காந்தா. "இன்னொண்ணு நாளைக்கி" என்றான். நிவேதா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். மூன்று கேள்வி விட்டுவிட்டாளாம், மற்றதெல்லாம் எழுதினாளாம், மார்க் வந்தால்தான் தெரியுமாம்.

செவ்வாய்க்கிழமை குப்பத்துக்குத் தண்ணீர் லாரி வந்தது. பத்தாவது குடத்தை நீலமேகம் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான். கஸ்தூரியம்மாள் பார்த்தாள், வரிசையும் பார்த்தது. அவன் நிற்காமல் போய் ஊற்றினான்.